ஒப்புகைச் சீட்டு கேட்கிறோம்: தொண்டு நிறுவனங்கள், அறக்கட்டளைகள், மக்கள் அமைப்புகளின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்கள் 234 பேருக்கும், தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குச் சென்ற 39 பேருக்கும், மாநிலங்களவையில் இருக்கும் 18 பேருக்கும், மாநில அரசுக்கும், எங்களுக்கு நிதி தருகிறவர்களுக்கும்:

திங்கட்கிழமை காலையில் எந்த மாவட்டத் தலைநகரானாலும் சரி, ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குப் போய்ப் பாருங்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டி, பட்டா மாற்றத்துக்கு அலையும் விவசாயி, மூன்று சக்கர வண்டியில் வந்த மாற்றுத்திறனாளி என எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்க ஆள் உண்டு. மனுவைக் கொடுத்தால் எண் போட்டு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். மனு பிறகு என்ன ஆகிறது என்பது வேறு கதை. ஆனால் கொடுத்ததற்குச் சாட்சியாக அந்தப் பாட்டியின் சுருக்குப் பையில் ஒரு தாள் இருக்கிறது.

அதே பாட்டி, தான் ஓட்டுப் போட்ட சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரு மனு கொடுத்தால் அந்தச் சாட்சி கிடைப்பதில்லை. சில உறுப்பினர்கள் சொந்த முயற்சியில் பதிவேடு வைத்து, பதிலும் எழுதுகிறார்கள். அவர்களை நாங்கள் அறிவோம், நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அது அவர்களுடைய நல்ல மனது. அவர்கள் அப்படிச் செய்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அரசு அலுவலரிடம் உரிமையாகக் கிடைக்கும் ஒன்று, மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்தவரிடம் தயவாக மட்டும் கிடைக்கிறது. இந்தச் சாசனம் அந்த இடத்திலிருந்துதான் பிறந்தது.

இதன் வரைவை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது ஒரு பழைய காலைதான் முதலில் நினைவுக்கு வந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் நான்கு பெண்களோடு ஒரு மக்கள் பிரதிநிதியின் வீட்டு வாசலில் ஆறு மணிக்கே போய் நின்றோம். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. மீனவர்களுக்குத் தடைக்காலத்தில் நிவாரணம் தருவதுபோல் எங்களுக்கும் தாருங்கள் என்பதுதான் மனு. எங்களுக்கு முன்னால் சால்வையும் எலுமிச்சம்பழமுமாக வந்தவர்கள் உள்ளே போனார்கள். ஒன்பது மணிக்கு மேல் பி.ஏ. வெளியே வந்து மனுவை வாங்கி, மடித்து வைக்கப்பட்டிருந்த சால்வைகளுக்கு அடியில் செருகினார். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், "எந்த மனும்மா?" என்றார். நான்கு பேருக்கும் இரண்டு தடவை ஒரு நாள் கூலி போயிற்று. பின்னாளில் உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருவதென்று மாநில அரசு முடிவெடுத்தது. மகிழ்ந்தோம். ஆனால் யார் கேட்டதற்காக அது வந்தது, எந்த அலமாரியில் எத்தனை ஆண்டு கிடந்தது, ஏன் இத்தனை மழைக்காலம் ஆயிற்று என்று அந்தப் பெண்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை.

நாங்கள் யார், எதற்கு வருகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிந்த சிறு சங்கங்கள், அறக்கட்டளைகள், கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு நிறுவனங்கள், பதிவே இல்லாத மக்கள் கூட்டமைப்புகள் எல்லாம் எங்களில் உண்டு. மாலைநேரப் பள்ளி நடத்துகிறோம், மருத்துவ முகாம் போடுகிறோம், மீட்கப்பட்ட கொத்தடிமைக் குடும்பங்களோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கிறோம். பத்து ஆண்டு இதைச் செய்தால் ஒன்று புரிந்துவிடும். ஒரு குழந்தைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தர எங்களால் முடியும். அந்த ஊருக்கு ஓர் ஆசிரியர் பணியிடத்தை எங்களால் உருவாக்க முடியாது. அதைச் செய்யக்கூடியவர்கள் சட்டமும் நிதிநிலை அறிக்கையும் கையில் இருப்பவர்கள். ஆகவே அவர்களிடம் பேசுவது எங்கள் வேலையின் ஒரு பகுதி. எங்கள் வட்டாரத்தில் 'அட்வகசி' என்று சொல்லிப் பழகிவிட்டோம். பார்த்ததைச் சொல்வது, படித்ததைக் காட்டுவது, பாதிக்கப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு போய் அவர் வாயாலேயே பேசவைப்பது, இவ்வளவுதான் அது.

இப்படிப் பேசித்தான் சட்டங்கள் வந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல் வந்தது. சித்தாளும் கொத்தனாரும் தெருவில் இறங்கிக் கேட்டதன் விளைவு அது. ஆனால் கட்டடத் தொழிலாளர்களுக்கான திட்டமும் வாரியமும் 1994-இல்தான் வந்தன. சட்டத்துக்கும் வாரியத்துக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டு! சாரத்திலிருந்து விழுந்து செத்தவர்களின் குடும்பங்களுக்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டின் கணக்கு தெரியும். அதே காலத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தலைமையில் ஒரு தேசியப் பிரச்சாரக் குழு, நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தின் மனுக்கள் குழு வரைக்கும் போனது. 1996-இல் ஒன்றியச் சட்டமும் அதனுடன் செஸ் சட்டமும் வந்தன. கட்டடச் செலவில் குறைந்தது 1 சதவீதத்தைத் தொழிலாளர் நலனுக்கு ஒதுக்க வைத்தது அந்தச் செஸ் சட்டம்.

இதையெல்லாம் சொன்னாலும் எங்கள் ட்ரஸ்டிகள் பலரே தயங்குகிறார்கள். "அரசியல் நமக்கெதுக்கு? பதிவு போயிடும்" என்பார்கள். அந்தப் பயத்துக்கு உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 6-இல் பதில் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 'அரசியல் தன்மையுள்ள அமைப்பு' என்ற சொல்லை எதிர்த்து இந்தியன் சோஷியல் ஆக்‌ஷன் ஃபோரம் தொடுத்த வழக்கு அது. கட்சி அரசியலில் இறங்கும் அமைப்புகளை அந்த விதி தொடும். பொது நோக்கத்துக்காக அறவழியில் குரல் கொடுக்கும் அமைப்புகளைத் தொடாது என்று நீதிமன்றம் விளக்கியது. எம்.எல்.ஏ.வைப் பார்த்து மனு கொடுப்பது குற்றமல்ல. கூட்டம் கூடவும் சங்கம் சேரவும் பேசவும் அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு தரும் உரிமை, பதிவு எண் வாங்கியதும் காணாமற் போய்விடாது.

இனி எங்கள் கோரிக்கைகள்.

1. தொகுதி அலுவலகத்தில் நாளும் பதிவேடும் ஒப்புகையும்

சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதியில் அலுவலகம் இருக்கிறது. அந்தக் கட்டடம் மக்கள் பணத்தில் கட்டியது. வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், முன்பின் தெரியாதவரும் கட்சிக்காரர் சிபாரிசு இல்லாதவரும் உள்ளே வந்து உறுப்பினரைப் பார்க்க வழி வேண்டும். உறுப்பினர் சென்னையில் இருக்கும் நாளில் அவர் பெயரில் பொறுப்பான ஒருவர் அமர வேண்டும். வரும் மனுவுக்கு எண் இட்டு, தேதி போட்டு, சீட்டுத் தர வேண்டும். 60 நாளுக்குள் ஒரு வரியாவது எழுத்தில் பதில் வேண்டும். "முடியாது" என்பதும் எங்களுக்குப் பதில்தான். முடியாது என்றால் அடுத்த கதவைத் தட்டலாம். பதிலே இல்லாவிட்டால் அந்த வாசலிலேயே காலம் போகிறது.

தனிப்பட்ட மனுவையும் பொதுக் கோரிக்கையையும் தனித்தனிப் பதிவேட்டில் வைக்கும்படியும் கேட்கிறோம். ஒரு மாணவிக்குக் கல்லூரியில் இடம் வேண்டும் என்பது ஒன்று. அந்த வட்டாரத்துக்கே பெண்கள் விடுதி இல்லை என்பது வேறொன்று. இரண்டையும் ஒரே கட்டில் கட்டி வைத்தால் முதலாவதற்கு லெட்டர்பேடில் சிபாரிசுக் கடிதம் போகும், இரண்டாவது தூசி பிடிக்கும். பொதுக் கோரிக்கைப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இருக்கட்டும். பெரிய கம்பெனியின் ஆட்கள் என்ன கேட்டார்கள், நாங்கள் என்ன கேட்டோம் என்று ஊரும் தெரிந்துகொள்ளட்டும். தொழில் நிறுவனங்களின் சார்பில் மக்கள் பிரதிநிதிகளைச் சந்திப்பவர்களைப் பதிவு செய்ய நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் 1995-லேயே அதற்கொரு சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த வெளிச்சம் எங்கள் மீதும் விழட்டும் என்று முதலில் நாங்களே கேட்டுக்கொள்கிறோம்.

சட்டமன்றத்தின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வந்து மனு வாங்குகிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் பலருக்குத் தெரியவே தெரியாது. குழு வரும் தேதியை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். முந்தைய வருகையில் வாங்கிய மனுக்கள் என்ன ஆயின என்ற பட்டியலோடு அடுத்த தடவை வாருங்கள்.

2. சட்ட முன்வடிவு 30 நாள் மக்கள் முன்னால் இருக்க வேண்டும்

2023 ஏப்ரல் 21. தொழிற்சாலைகள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில், ஏப்ரல் 24-இல், அதை நிறுத்திவைப்பதாக முதலமைச்சர் அறிவித்தார். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாகச் சொன்னார். திரும்பப் பெற்றதை நாங்கள் மனதார வரவேற்றோம். எதிர்ப்பைக் காது கொடுத்துக் கேட்ட அரசு என்று பாராட்டவும் செய்தோம். ஆனால் நிறைவேற்றிய பிறகு தொழிற்சங்கத் தலைவர்களை உட்காரவைத்துப் பேசிய அந்தப் பேச்சை ஒரு மாதம் முன்னாலேயே பேசியிருக்கலாம் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது. எதிர்த்துக் குரல் எழுப்ப அன்று பெரிய சங்கங்கள் இருந்தன. அதே நாளில் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டமும் நிறைவேறியது. ஏரியும் ஓடையும் அடங்கிய நிலங்களைப் பற்றிய சட்டம் அது. அந்த ஏரியில் ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கு அன்று சென்னையில் யார் இருந்தார்கள்?

ஒன்றிய அரசில் இதற்கொரு கொள்கை இருக்கிறது. 2014 ஜனவரி 10-இல் செயலாளர்கள் குழு எடுத்த முடிவு அது. எந்தச் சட்ட வரைவையும் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும், எளிய விளக்கக் குறிப்பு தர வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிட வேண்டும். கட்டாயமில்லாத கொள்கை என்பதால் ஒன்றிய அரசே அதைப் பலமுறை மீறுகிறது. தமிழ்நாடு இதைச் சட்டமாகவே இயற்ற வேண்டும். வரைவு தமிழில், முழுமையாக, இணையத்திலும் அச்சிலும் வர வேண்டும். வந்த கருத்துகளில் எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்பதை மசோதாவோடு அவையில் வைக்க வேண்டும். அவசரம் என்றால் அந்த அவசரம் என்ன என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

தகவல் உரிமைக்கு முதன்முதல் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. 1997-லேயே இயற்றினோம், அதில் பெருமை உண்டு. ஆனால் மக்களைக் கேட்காமல் மேலிருந்து வந்த சட்டம் அது. விலக்குகளால் நிறைந்திருந்ததால் யாருக்கும் பெரிதாகப் பயன்படவில்லை. மக்களோடு உட்கார்ந்து எழுதிய 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பள்ளி மாணவியும் பத்து ரூபாயில் கேள்வி கேட்க முடிந்தது.

3. துறைவாரிக் குழுக்கள்

நாடாளுமன்றத்தில் துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 1993-இல் வந்தன. இப்போது 24 இருக்கின்றன. ஒரு மசோதா குழுவுக்குப் போனால் அது பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். அமைப்புகள் குறிப்பு அனுப்பலாம், நேரில் போய்ச் சாட்சியும் சொல்லலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமை மசோதா 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அறிமுகமாகி, நிலைக்குழுவுக்குப் போய், 2016 டிசம்பரில் சட்டமானது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் அங்கீகரித்த குறைபாடுகள் ஏழு. புதிய சட்டத்தில் இருபத்தொன்று. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவரும் தலசீமியா உள்ள குழந்தையும் அந்தப் பட்டியலில் வந்ததற்குப் பின்னால் பல அமைப்புகள் பல ஆண்டுகள் நடந்த நடை இருக்கிறது.

கேரளச் சட்டமன்றத்தில் 1980 முதலே துறைவாரியான சப்ஜெக்ட் குழுக்கள் உண்டு. மசோதாக்களையும் துறைகளின் மானியக் கோரிக்கைகளையும் அவை ஆராய்கின்றன. நம் சட்டமன்றத்தில் பொதுக் கணக்குக் குழுவும் மதிப்பீட்டுக் குழுவும் உறுதிமொழிக் குழுவும் இருக்கின்றன. ஆனால் மசோதாக்களைத் துறைவாரியாக எடுத்துப் படிக்கும் நிலையான குழு இல்லை. தெரிவுக் குழுவுக்கு அனுப்பலாம் என்று விதி இருந்தும் அனுப்புவது அரிது. குழு இல்லாவிட்டால் பாதிக்கப்பட்டவர் வந்து உட்கார்ந்து பேச நாற்காலியே இல்லை. கல்வி, நலவாழ்வு, தொழிலாளர், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலம், சுற்றுச்சூழல் இந்த ஐந்துக்காவது முதலில் குழு அமையுங்கள். அவை மதுரையிலும் தருமபுரியிலும் நாகப்பட்டினத்திலும் கூடிச் சாட்சியம் கேட்கட்டும். வருகிறவருக்குப் பயணப்படி கொடுங்கள். கூலி விட்டு வருகிறவருக்கு அதுதான் அழைப்பிதழ்.

4. மானியக் கோரிக்கைக்கு முன்னால் கொள்கை விளக்கக் குறிப்பு

துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு பெரும்பாலும் விவாதம் நடக்கும் நாளில்தான் உறுப்பினர் கைக்கு வருகிறது. அவருக்குப் பேசக் கிடைப்பதோ சில நிமிடம். நூறு பக்கத்தை அவர் எப்போது படிப்பார், எப்போது வெட்டுத் தீர்மானம் தருவார்? ஏழு நாள் முன்னதாக அதை வெளியிடுங்கள். நாங்களும் படித்து, தொகுதிவாரியாக எண்களைப் பிரித்து, எந்தக் கட்சி உறுப்பினரானாலும் அவர் மேசைக்குக் கொண்டுவந்து தருகிறோம்.

பட்ஜெட் புத்தகத்தைப் படிப்பதால் என்ன நடக்கும் என்பதற்கு ஆதிதிராவிடர், பழங்குடியினர் துணைத்திட்டமே சான்று. மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1970-களிலேயே வந்துவிட்டது. ஒதுக்கிய பணம் அந்த மக்களுக்குச் சேராத இடங்களுக்கெல்லாம் திருப்பப்பட்டதைத் தலித் அமைப்புகள் ஆண்டுதோறும் வரி வரியாக எடுத்துக் காட்டின. ஆந்திரமும் கர்நாடகமும் 2013-இல் இதற்குத் தனிச்சட்டம் இயற்றின. தமிழ்நாடு 2024-இல் இயற்றியது. எங்கள் நன்றி உரித்தாகட்டும். அந்தச் சட்டப்படி எவ்வளவு ஒதுக்கினோம், எவ்வளவு செலவழித்தோம், எவ்வளவு திரும்பியது என்ற கணக்கை ஆண்டுதோறும் அவையில் வையுங்கள்.

5. அவையில் கொடுத்த வாக்குறுதி

இந்தக் கோரிக்கைக்கு ராஜஸ்தானுக்குப் போக வேண்டும். 1990 மே முதல் நாளில் அங்கே தேவ்துங்ரி என்ற சிற்றூரை மையமாக வைத்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் தொடங்கியது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் போன்றவர்கள் கிராமத்துக் கூலிக்காரர்களோடு சேர்ந்து கட்டிய அமைப்பு. 1994 டிசம்பர் முதல் ஊர் ஊராக மக்கள் விசாரணை நடத்தினார்கள். வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பட்டியலைச் சத்தமாகப் படிப்பார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி போயிருக்கும், கட்டாத கட்டடத்துக்கு பில் இருக்கும். ஊரே எழுந்து சாட்சி சொல்லும்.

1995 ஏப்ரல் 5 அன்று முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத் சட்டமன்றத்தில் எழுந்து, உள்ளூர்ப் பணிகளின் ஆவணங்களை மக்களுக்குத் தருவோம் என்று உறுதி கொடுத்தார். ஓர் ஆண்டு போயிற்று, ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று அந்தக் கூலிக்காரர்கள் பியாவர் நகரின் நடுவில் போய் உட்கார்ந்தார்கள். 40 நாள். ஊர்க் கடைக்காரர்கள் காய்கறியும் மாவும் கொடுத்தார்கள். அவர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. அவையில் சொன்னதைச் செய்யுங்கள் என்றார்கள். அந்தக் கேள்வி நாடெங்கும் பரவி, 2005-இல் நாடாளுமன்றத்தில் தகவல் உரிமைச் சட்டமாக முடிந்தது.

நம் சட்டமன்றத்தில் 110-ஆம் விதியின்கீழ் அறிவிப்புகள் வருகின்றன. அந்த விதிப்படி விவாதம் கிடையாது. மேசை தட்டலோடு அறிவிப்பு முடியும். மறுநாள் நாளிதழில் பெரிய எழுத்தில் வரும். எங்கள் ஊர் மக்கள் அந்தத் தாளை வெட்டி வைத்துக்கொண்டு எங்களிடம் வந்து, "எப்போ சார் வரும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வோர் அறிவிப்புக்கும் அரசாணை எண், ஒதுக்கிய தொகை, பொறுப்பு அலுவலர், இன்றைய நிலை ஆகிய நான்கையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுங்கள். அரசு உறுதிமொழிக் குழு மக்கள் அமைப்புகளிடமிருந்தும் கள அறிக்கை கேட்டு வாங்கட்டும். வினா நேரத்தை 2022 முதல் நேரலையில் காட்டுகிறீர்கள். முழு அவையையும் காட்டுங்கள்.

6. தேர்ந்தெடுத்தவர் இல்லாத நாள் வேண்டாம்

கிராமத்துக்காரருக்கு முதல் மக்கள் பிரதிநிதி ஊராட்சித் தலைவர். 2016-இல் முடிந்த ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலத்துக்குப் பின் பெரும்பாலான மாவட்டங்களில் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில்; மற்றவை இன்னும் காத்திருந்தன. அப்படித் தேர்தல் நடந்த மாவட்டங்களிலும் 2025 ஜனவரி 5-இல் காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். பதவிக்காலம் முடியும் முன்னரே தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243-இ பிரிவு. அதைப் பின்பற்றுங்கள், அவ்வளவே. கிராம சபைத் தீர்மானத்தின் நகல் தொகுதி உறுப்பினருக்குப் போக வேண்டும், அடுத்த கிராம சபையில் அவருடைய பதில் வாசிக்கப்பட வேண்டும்.

7. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு

வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் எங்கள் அடிமடியில் கை வைத்தது. ஓர் அமைப்பு வாங்கிய நிதியை இன்னொரு சிறு அமைப்புக்குப் பகிரக் கூடாது என்றாயிற்று. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. மலைக் கிராமத்தில் பத்துப் பேரோடு இயங்கும் சங்கம் நேரடியாக வெளிநாட்டு நிதி வாங்க முடியாது; பெரிய அமைப்பு வழியாக வந்த சிறு தொகையும் அதோடு நின்றது. முறைகேட்டைத் தண்டியுங்கள், கணக்குக் கேளுங்கள், நாங்கள் தருகிறோம். பகிர்வுக்கான தடையை நீக்குங்கள். பதிவு புதுப்பித்தலுக்குக் காலவரம்பு வையுங்கள். ரத்து என்றால் காரணத்தை எழுத்தில் சொல்லி, எங்கள் தரப்பையும் கேளுங்கள். மக்கள் பிரதிநிதியிடம் கருத்துச் சொல்வது அரசியல் செயல்பாடாகாது என்ற ஒரு வரியைச் சட்டத்திலேயே சேருங்கள்.

தனி உறுப்பினர் மசோதாவால் என்ன ஆகும் என்று கைவிடாதீர்கள். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24-இல் மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. மக்களவையில் அது சட்டமாகவில்லை. அரசு 2019-இல் கொண்டுவந்த சட்டத்தில் குறை உண்டென்று திருநர் அமைப்புகள் சொன்னபோது, அவர்கள் ஒப்பிட்டுக் காட்டக் கையில் ஒரு நல்ல வரைவு இருந்தது. அது தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவர் தந்தது.

8. அறக்கட்டளைகளுக்கும் நிறுவனங்களுக்கும்

உங்களிடம் பேசுவதுதான் எங்களுக்குக் கடினம், ஏனென்றால் எங்கள் சம்பளம் உங்களிடமிருந்து வருகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

2014 ஏப்ரல் முதல் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடுகின்றன. கழிப்பறை கட்டலாம், ஸ்மார்ட் வகுப்பறை அமைக்கலாம், பெயர்ப்பலகை வைக்கலாம். அந்தக் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று பத்து ஊர் மக்களைக் கூட்டி எம்.எல்.ஏ.விடம் கேட்கவைக்க நிதி கேட்டால், "அது ரிஸ்க்" என்கிறீர்கள். தண்ணீர் வராமல் பூட்டிக் கிடக்கும் கழிப்பறை எங்களுக்கு அதைவிடப் பெரிய ரிஸ்க்காகத் தெரிகிறது.

நீங்கள் தரும் நிதியில் பத்தில் ஒரு பங்கையாவது இந்தப் பணிக்கு ஒதுக்குங்கள். கள ஆய்வு, பட்ஜெட் படிப்பு, வரைவுச் சட்டங்களைத் தமிழில் எளிதாக எழுதுவது, வழக்கறிஞர் ஆலோசனை, சாட்சி சொல்ல வருகிறவரின் பேருந்துக் கட்டணம், அவர் இழக்கும் கூலி எல்லாம் அதில் அடங்கும். ஓராண்டு ப்ராஜெக்டாகத் தராதீர்கள். கட்டடத் தொழிலாளர் வாரியத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று என்று மேலே எழுதினோம். காலாண்டுக்கு எத்தனை பேரைச் சந்தித்தீர்கள் என்று எண்ணிக் கேட்காதீர்கள். எந்தக் கோரிக்கை எந்த மேசை வரைக்கும் போயிருக்கிறது என்று கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு, அதை அமைச்சர்களும் கேட்கட்டும். பெரிய அறக்கட்டளைகள் அரசுத் துறைகளோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, துறைக்குள்ளேயே ஆலோசகர்களை அமர்த்துகின்றன. பல நல்ல வேலைகள் அதனால் நடந்திருக்கின்றன. ஆனால் பள்ளிக்கூடம் எப்படி நடக்க வேண்டும் என்ற முடிவு பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உறுப்பினருக்கும் தெரியாமல் ஓர் அறைக்குள் எடுக்கப்படக் கூடாது. ஒவ்வோர் ஒப்பந்தத்தையும் முழு உரையாக வெளியிடுங்கள். யார் பணம், எவ்வளவு காலம், எந்த முடிவில் அவர்களுக்குப் பங்கு என்பதைச் சட்டமன்றத்தில் வையுங்கள். பணம் இருப்பதால் கிடைக்கும் நாற்காலி, பாதிக்கப்பட்டதால் உரிமையுள்ளவருக்கும் கிடைக்கட்டும்.

9. நாங்கள் கொடுக்கும் வாக்கு

கேட்கிறவர்கள் தங்கள் பக்கத்தையும் எழுதி வைக்க வேண்டும். எங்களில் யாரும் எந்த வேட்பாளருக்கும் ஓட்டுக் கேட்க மாட்டோம். எந்த மக்கள் பிரதிநிதிக்கும் பணமோ பரிசோ தர மாட்டோம்; சால்வையும் இனி இல்லை. ஆளுங்கட்சி உறுப்பினருக்குக் கொடுக்கும் அதே தாளை எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் கொடுப்போம். பாதிக்கப்பட்டவர் வர முடிகிற எந்தச் சந்திப்புக்கும் அவரில்லாமல் போக மாட்டோம், அவர் பேசிய பிறகே நாங்கள் பேசுவோம். இதில் நாங்கள் நிறையத் தவறியிருக்கிறோம். கணினிப் படங்களோடு நாங்களே அரை மணி நேரம் பேசிவிட்டு, கூட வந்த அம்மாவைக் கும்பிடு போட மட்டும் சொன்ன கூட்டங்கள் உண்டு. அது இனி நடக்காது.

நாங்கள் தரும் எண் தவறென்று தெரிந்தால் நாங்களே எழுதித் திருத்துவோம். யாரை எப்போது எதற்காகச் சந்தித்தோம், அந்தப் பணிக்கு யார் நிதி தந்தார்கள் என்பதை எங்கள் அலுவலக வாசலிலும் இணையத்திலும் வைப்போம். சந்திப்பு முடிந்ததும் ஊருக்குப் போய், நடந்ததை நடந்தபடி கூட்டத்தில் சொல்வோம். கிடைக்கவில்லை என்றாலும் சொல்வோம். ஓர் உறுப்பினர் எங்கள் கோரிக்கையை எடுத்துப் பேசி வென்றால் அந்தப் பெயர் அவருக்கே போகட்டும்.

இந்தச் சாசனத்தை அஞ்சலில் அனுப்பப் போவதில்லை. 234 தொகுதி அலுவலகங்களுக்கும் நேரில் வருகிறோம். உப்பளத்திலிருந்தும் சூளையிலிருந்தும் தேயிலைத் தோட்டத்திலிருந்தும் வருகிறவர்கள் கையில் இரண்டு பிரதி இருக்கும். ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதில் தேதி போட்டு, எண் இட்டு, கையெழுத்துப் போட்டு அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்.